அவுன்ஸ் கிளாஸில் தவிட்டுக் கஞ்சி

டாக்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, போன வாரம் உங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்திருந்தேன். முழங்கால் வலிக்கு வந்த கிழவி என்று நினைத்து யாரும் என்னைக் கவனிக்கவில்லை. நல்லதாகப் போயிற்று. பாதம் எரிகிறது என்று ஒரு பெண் வந்தாள். சிவப்பாக ஒரு சத்து ஊசி போட்டு அனுப்பினீர்கள். விரல் மரத்துப்போகிறது என்று இன்னொருத்தி வந்தாள்; அவளுக்கும் அதே சிவப்பு ஊசி. இருவரையும் "ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று கேட்டீர்கள். இருவரும் "சாப்பிடறேங்க" என்றார்கள். நீங்களும் நம்பிவிட்டீர்கள்.

எனக்குக் கோபம் வந்தது. எழுந்து வந்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன், முழங்கால் இடம் கொடுக்கவில்லை. நம் பக்கத்தில் சாப்பிட்டாயா என்று கேட்டால் ஆச்சு என்றுதான் பதில் வரும். பட்டினி கிடப்பவர் இன்னும் சட்டென்று சொல்வார். அது மரியாதைக்குச் சொல்கிற பதில். அதை வைத்துக்கொண்டு நரம்புக்கும் கண்ணுக்கும் வைத்தியம் பார்க்க முடியாது.

நோயாளியிடம் எதைக் கேட்க வேண்டும், எதை நாலு பேர் காதில் விழும்படி சொல்லக் கூடாது என்று நான் தெரிந்துகொண்டது கிருபை டீச்சரிடம். அதைத்தான் சொல்லப் போகிறேன். மருந்தின் அளவெல்லாம் உங்கள் புத்தகத்தில் என்னைவிட நன்றாகப் போட்டிருக்கும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போய், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிருந்தது. விழுப்புரம் ஜங்ஷனில் பட்டாளத்து வண்டிகளுக்கு வழிவிட்டு மற்ற வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும். அங்கே இருந்த எங்கள் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டிய மருந்தும் அப்படித்தான், பட்டாளத்துக்குப் போய் மிஞ்சியதுதான் வரும். நான் எல்.எம்.பி. டாக்டர் படிப்பை முடித்துவிட்டு, பெண்கள் வார்டைப் பார்த்துக்கொள்ளும் டாக்டராக அங்கே சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை.

எனக்கு மேலே ஒரு பெரிய டாக்டர் இருந்தார். பெயர் வேண்டாம். ஒருமுறை குழந்தை குறுக்கே கிடந்து ஒரு தாய் சாகக் கிடந்தாள். என் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு அவர், "கைய எடுத்துடாதம்மா. நடுங்கினா நடுங்கட்டும், அப்படியே வெச்சிக்க. நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்றார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். நான் டாக்டரானது அன்றைக்குத்தான். ஆகையால் இனிமேல் நான் அவரைப் பற்றிச் சொல்லப் போவதைக் கெட்டவர் ஒருவரின் கதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல டாக்டர் செய்கிற தவறு இது. அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

கிருபை டீச்சரை அவருடைய அண்ணன் திண்டிவனத்திலிருந்து ரயிலில் கூட்டிவந்தார். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு சேரி. கூலி வேலை செய்யும் கிறிஸ்தவக் குடும்பம். அதில் டீச்சர் படித்து, பயிற்சி முடித்து, திண்டிவனத்தில் ஒரு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அண்ணன் தங்கையின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார்.

"ராவெல்லாம் காலு எரியுது எரியுதுன்னு அழுதுக்கினே கீதுங்க. ஈரத் துணி சுத்தினாதான் கொஞ்சம் கண்ணசரும். இப்போ கண்ணும் போய்க்கினே இருக்குது டாக்டரம்மா. எங்க சனத்துலயே மொத டீச்சருங்க இது. கண்ணு போச்சின்னா எல்லாம் போச்சுங்க."

டீச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு அப்பால் எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசினார்.

"நேராப் பாத்தா நடுவுல புகை மூட்டிக்கினு இருக்குதுங்க. ஓரமாப் பாத்தாதான் ஏதோ தெரியுது. பள்ளிக்கூடத்துல மேனேஜர் ஐயா, மொகத்தப் பாத்து பேசறதில்ல, தலைக்கனம்னு சொல்லிட்டாருங்க. சிவப்பு மசியில நானே போட்ட திருத்தம் எனக்கே தெரியலீங்க. புள்ளைங்க தப்ப சரின்னு போட்டுட்டு, சரிய அடிச்சிட்டிருக்கேன்."

மறுநாள் காலையில் பெரிய டாக்டர் வார்டுக்கு வந்தார். முழங்காலைத் தட்டினார், கால் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னார். டீச்சர் சாய்ந்து விழப் போனார். கண் மங்கல், கால் வேதனை, தள்ளாட்டம். இந்த மூன்றும் சேர்ந்து வருகிற ஒரு நோய் எங்கள் புத்தகத்தில் முதலில் இருக்கும். ஆண் பெண் உறவில் ஒட்டிக்கொண்டு, வருஷக்கணக்கில் உள்ளேயே கிடந்து, கடைசியில் முதுகுத் தண்டையும் கண்ணையும் தின்னும் மேகநோய். அவர் அப்படி நினைத்ததில் தவறில்லை. அதற்கப்புறம் கேட்ட கேள்விகளில்தான் இருந்தது தவறு.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லீங்க."

"எந்த ஊரு?"

டீச்சர் சேரியின் பெயரைச் சொன்னார். பெரிய டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். வேறு எதையும் கேட்கவில்லை.

"மேகம்தான். ரத்தம் எடுத்து டெஸ்டுக்கு மதராஸுக்கு அனுப்பும்மா. பதில் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க வேணாம். நாளைக்கே ஆர்செனிக் ஊசிய ஆரம்பிச்சிடு."

சத்தமாகத்தான் சொன்னார். அவர் எதையும் சத்தமாகச் சொல்கிறவர். வார்டில் இருந்த ஒவ்வொரு கட்டிலுக்கும் அது கேட்டது. பக்கத்துக் கட்டிலில் இருந்த திண்டிவனத்து அம்மாள் தன் தண்ணீர்ச் சொம்பை டீச்சரின் பக்கத்திலிருந்து எடுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டார். டீச்சருக்கு ஓரப் பார்வை நன்றாகவே இருந்தது. போர்வையை முகம் வரைக்கும் இழுத்துக்கொண்டார்.

அந்த ஆர்செனிக் ஊசியைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியாது. தெரியாமலே இருப்பது நல்லது. மேகநோயை அடக்கும், ஆனால் சில பேருக்குக் கண் நரம்பையே சுட்டுவிடும். ஏற்கெனவே தளர்ந்த நரம்பு என்றால் கேட்க வேண்டாம். டீச்சருக்கு மேகம் இருந்து ஊசி போடாமல் விட்டால் கண் போகும். மேகம் இல்லாமல் ஊசி போட்டாலும் கண் போகும். எனக்கு ஒரு பகல்தான் இருந்தது.

நான் மறுபடியும் டீச்சரிடம் போனேன். முற்றிய மேகத்தில் கெண்டைக்காலை அழுத்தினால் வலி தெரியாது என்று படித்திருந்தேன். அழுத்தினேன். டீச்சர் அலறினார். வாயைத் திறக்கச் சொன்னேன். நாக்கு தோலுரிந்து சிவந்து கிடந்தது, வாயோரம் இரண்டும் வெடித்திருந்தன. "சாப்பாடெல்லாம் எப்படி?" என்று கேட்டேன், உங்களைப் போலவே.

"நல்லா சாப்பிடறேங்க. மூணு வேளையும் வெள்ளச் சோறுதாங்க" என்றார். அந்த நிலைமையிலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. காற்றாட வெளியே வந்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் டீச்சரின் அண்ணன் தகரப் போணியில் கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். மடியில் கொஞ்சம் வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை. என்னைப் பார்த்ததும் போணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு எழுந்தார். அவர் கால்களைப் பார்த்தேன். வெயிலிலும் சேற்றிலும் நாளெல்லாம் நிற்கிற கால்கள். எரிச்சல் இல்லை, தள்ளாட்டம் இல்லை. இரண்டு பேரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

"தங்கச்சிக்கு இதெல்லாம் குடுக்கறதில்லையா?"

"அது தொடாதுங்க. டீச்சராச்சுங்களே" என்றார். அவர் குரலிலும் அதே பெருமை.

உள்ளே ஓடினேன். இந்த முறை சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை.

"அரிசிய எத்தனை தண்ணியில கழுவுவீங்க டீச்சர்?"

"தண்ணி தெளியற வரைக்குங்க. இப்போ கடையில குடுக்கற பச்சரிசி ஒரே நாத்தம். ஏழெட்டுத் தண்ணி ஊத்துவேன்."

"வடிச்ச கஞ்சி எங்க போவுது?"

"பக்கத்து வீட்டு மாட்டுக்கு ஊத்திடுவேங்க."

"காலையில பழையது?"

"பழையதெல்லாம் சாப்பிட மாட்டேங்க. தெனம் புதுசா வடிச்சி, ரசம், ஊறுகா."

மில்லில் வெள்ளை வெளேரென்று தீட்டியபோதே அரிசியின் சத்தில் பாதிக்கு மேல் தவிட்டோடு போயிருக்கும். மிச்சம் இருந்தது கழுவிய தண்ணீரிலும் வடித்த கஞ்சியிலும் போயிற்று. டீச்சருக்குச் சேர வேண்டியதையெல்லாம் அந்த மாடு குடித்துக்கொண்டிருந்தது. மாட்டுக்குக் கண் நன்றாகத் தெரிந்திருக்கும்.

பெரிய டாக்டரின் அறைக்குப் போனேன். என் கையை நடுங்கவிட்டுப் பக்கத்தில் நின்றவரிடம், நீங்கள் தவறாகச் சொல்லிவிட்டீர்கள் என்று சொல்லப் போகிறேன்.

"சார், இது மேகமா இருக்காதுன்னு தோணுது. பி வைட்டமின் இல்லாம வந்த நரம்புத் தளர்ச்சி. கெண்டைக்காலை அழுத்தினா வலியில துடிக்கறாங்க. நாக்கப் பாருங்க."

"ஏம்மா, நேத்து வந்தவ நீ. எனக்குச் சொல்லித் தர்றியா?"

"இல்ல சார். ஊசிய மட்டும் மதராஸ் பதில் வர்ற வரைக்கும் நிறுத்தி வெக்கலாம்னு கேக்கறேன்."

"மேகமா இருந்து, நீ நிறுத்தி வெச்சதுல கண்ணு போச்சுன்னா?"

"என் பொறுப்பு சார்."

"என்ன உன் பொறுப்பு? கண்ணு அந்தப் பொண்ணோடது."

நாம் பொறுப்பு என்று சொல்லும்போதெல்லாம் போகிற உறுப்பு வேறு யாருடையதாகவோதான் இருக்கிறது. பெரிய டாக்டர் கேஸ் ஷீட்டை இழுத்து, ஊசி என்றிருந்த வரியைப் பேனாவால் அடித்தார்.

"சரி. பதில் வர்ற வரைக்கும். அதுக்குள்ள பார்வை இன்னும் இறங்கினா நானே வந்து ஊசி போட்டுடுவேன்."

பி வைட்டமின் ஊசி மருந்து அலமாரியில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. கப்பலில் வர வேண்டிய சரக்கு. தீர்ந்தால் வேறு கிடைக்காது. அதைப் போடத் தொடங்கினேன். மீதியைச் சாப்பாட்டின் வழியாகத்தான் உள்ளே செலுத்த வேண்டும். ஈரல், கீரை, கேப்பைக் கூழ், எல்லாவற்றுக்கும் மேலாகத் தவிட்டுக் கஞ்சி. சலித்த புதுத் தவிட்டைக் காய்ச்சி, கிண்ணத்தில் ஊற்றி, வேளாவேளைக்குக் கொடுக்கச் சொன்னேன். நான்கைந்து நாள் போயிற்று. பெட்டி காலியாகிக்கொண்டே வந்தது. கால் எரிச்சல் குறையவில்லை. நான் காட்டுகிற விரல்களை எண்ணுவதற்கு டீச்சர் முன்னைவிட அதிகமாகத் தடுமாறினார். எனக்குத் தூக்கம் போயிற்று.

அப்போதுதான் வார்டு ஆயா வந்து சொன்னாள்.

"டாக்டரம்மா, நீங்க குடுக்கற கஞ்சியயும் கூழயும் அது குடிக்கலீங்க. யாரும் பாக்காதப்போ எச்சித் தொட்டியில ஊத்திடுது. ஏன்னு கேட்டா மொகத்தக்கூடப் பாக்கல. ரொம்பத் திமிரு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. டீச்சரின் கட்டிலுக்குப் போய், "என்ன நெனச்சிட்டிருக்கீங்க டீச்சர்? கண்ணு வேணுமா வேணாமா?" என்று கேட்டேன்.

"தவிடு மாட்டுக்கு வெக்கறதுங்க" என்றார்.

"இந்த ஊருல இப்போ உங்களுக்கு அதுதான் மருந்து."

அவர் மெதுவாக, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காதபடி சொன்னார்.

"எங்க அப்பா படியாளுங்க. கூலியே கேப்பைதான். பண்ணை வீட்டு மாட்டுக் கொட்டாயில, மாட்டுக்குத் தவிடு கலக்கற தொட்டி பக்கத்துலதான் உக்காந்து கூழு குடிக்கணும். நானும் குடிச்சிருக்கேன். அப்புறம் ட்ரெய்னிங் போனேன். ஹாஸ்டல்ல மொத நாளு, அண்ணன் கட்டிக் குடுத்த கேப்பை அடையத் தொறந்தேங்க. பக்கத்துல இருந்த பொண்ணு தட்ட எடுத்துக்கினு எழுந்து போயிட்டா. ஒரு வார்த்த பேசல. போயிட்டா, அவ்ளோதான். அன்னிலேர்ந்து வெள்ளச் சோறு. எவ எதிர்லயும் டப்பாவத் தொறக்கலாம் பாருங்க."

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"இங்க ஏற்கெனவே என்னைப் பத்தி இன்னா நெனச்சிக்கினு இருக்காங்கன்னு எனக்குத் தெரியும் டாக்டரம்மா. அதுக்கு மேல இவங்க எல்லாரும் பாக்க, கிண்ணத்துல தவிட்டக் கரைச்சிக் குடிக்கணுமா?"

கோபம் எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. ஆயா சொன்னதைக் கேட்டதுமே கம்பவுண்டர் ஒரு யோசனை சொல்லியிருந்தார், கஞ்சியில் சாயத் தண்ணீரைக் கலந்து மிக்ஸ்சர் என்று சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று. நான் ஒப்பவில்லை. ஏமாற்றிக் கொடுத்தால் ஆஸ்பத்திரியில் இருக்கும் வரைக்கும்தான் அது வேலை செய்யும். வீட்டுக்குப் போனதும் மறுபடியும் ஏழெட்டுத் தண்ணி, வெள்ளைச் சோறு. வேறு வழியும் எனக்குத் தோன்றவில்லை. வழியை டீச்சரே சொன்னார்.

"கிண்ணத்துல ஊத்தாதீங்க. மருந்து குடுக்கற அவுன்ஸ் கிளாஸ்ல குடுங்க. எல்லாருக்கும் மணி அடிச்சி மருந்து குடுக்கறப்போ எனக்கும் குடுங்க. குடிச்சிடறேன்."

"உள்ள இருக்கறது தவிடுதான். தெரியும்ல?"

"தெரியுங்க. சமையக்கட்டுலேர்ந்து வந்தா தவிடு. மருந்து ரூம்லேர்ந்து வந்தா மருந்து."

அன்றிலிருந்து கஞ்சி மருந்தறையில் கொதித்தது. மணி அடித்ததும் ஆயா தட்டில் கிளாஸ்களோடு வருவாள். கோடு போட்ட சின்னக் கிளாஸ், அதில் எவ்வளவு பிடிக்கும்? ஆயா முணுமுணுத்துக்கொண்டே ஊற்றி ஊற்றிக் கொடுப்பாள். டீச்சர் கசப்பு மருந்து குடிக்கிற மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுவார். கேப்பைக் கூழும் அதே கிளாஸில்தான் போயிற்று. வார்டில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து குடிப்பதை யார் பார்ப்பார்கள்?

மதராஸிலிருந்து பதில் வருவதற்கு எப்போதும் தாமதமாகும். யுத்த காலத்தில் இன்னும் தாமதம். அது எனக்கு உதவியாகவும் இருந்தது, சித்திரவதையாகவும் இருந்தது. நான் நினைத்தது தவறாக இருந்தால், ஒவ்வொரு நாளும் ஒரு பெண்ணை நானே குருடாக்கிக்கொண்டிருக்கிறேன். முதலில் ஆயாதான் சொன்னாள், "ராத்திரி ஈரத் துணி கேக்கலீங்க, தூங்கிடுச்சி." அதை நம்பலாமா என்று தெரியவில்லை. கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தேன். முகத்தைச் சுளித்தார், ஆனால் அலறவில்லை.

அதற்குப் பல நாள் கழித்து ஒரு காலையில், நான் கட்டிலுக்கு எதிரில் நின்று விரலைக் காட்டப் போனேன். டீச்சர் என் விரலைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தோளுக்கு அப்பால் இல்லை. நேராக.

"டாக்டரம்மா, நீங்க மூக்குத்தி போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேனே."

"இவ்ளோ சின்ன வயசுக்காரங்களா நீங்க! திட்டற கொரல வெச்சி, ஏதோ வயசான அம்மான்னு நெனச்சிக்கினு இருந்தேங்க."

நான் சிரிக்கத்தான் நினைத்தேன். அழுகைதான் வந்தது. அத்தனை பேர் எதிரில் நின்று அழுதேன்.

அந்த வாரத்திலேயே மதராஸிலிருந்து பதில் வந்தது. ரத்தத்தில் ஒன்றும் இல்லை. பெரிய டாக்டரிடம் கொண்டுபோய்ச் சொன்னேன். அவர் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு நேரே வார்டுக்கு வந்தார். டீச்சரின் காலைத் தாமே அழுத்திப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். பிறகு வார்டின் நடுவில் போய் நின்று, எப்போதும் பேசுகிற அதே சத்தத்தில் சொன்னார்.

"இவங்களுக்கு மேகம் இல்ல. நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. சாப்பாட்டுல சத்து இல்லாம வந்த நோய் இது. எல்லாரும் கேட்டுக்குங்க."

அவ்வளவு பெரிய டாக்டர் அப்படிச் சொல்ல எத்தனை துணிச்சல் வேண்டும்! ஆனால் வார்டில் யாரும் அசையவில்லை. ஓரத்துக் கட்டிலில் இருந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "இன்னாவாம்?" என்று கேட்டாள். அவளும் உதட்டைப் பிதுக்கினாள். அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது. அன்றைக்கு அவர் சொன்னதைக் கேட்ட மற்ற நோயாளிகளில் ஒருத்தரும் இப்போது அங்கே இல்லை. எல்லோரும் குணமாகி வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். திண்டிவனத்து அம்மாளும் போய்விட்டார். கேட்டதையும் கூடவே கொண்டுபோயிருந்தார்கள்.

மறுநாள் டீச்சரின் அண்ணன் வந்தார். பள்ளிக்கூடத்தில் வேறு டீச்சரை வைத்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காரணம் என்ன என்று நாங்கள் கேட்கவில்லை.

பெரிய டாக்டர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சரையும் என்னையும் கூட்டிக்கொண்டு திண்டிவனத்துக்கு ரயிலேறினார். பள்ளி மேனேஜர் வீட்டு வாசலில் நின்று, உட்காரச் சொல்லியும் உட்காராமல், தவறு தம்முடையது என்று சொன்னார். மேனேஜர் நல்ல மரியாதை தெரிந்தவர். எங்களுக்குக் காபி வரவழைத்தார். டீச்சருக்கு வரவில்லை, பெரிய டாக்டரும் நானும் எங்களுடையதைத் தொடவில்லை.

"நீங்க சொன்னா சரிதாங்க. நாங்க நம்பறோம்" என்றார் மேனேஜர். "ஆனா புள்ளைங்கள பெத்தவங்க அனுப்ப மாட்டேன்னு சொல்றாங்களே, நான் இன்னா பண்ணட்டும்?"

திரும்பும்போது திண்டிவனம் பிளாட்பாரத்தில் வண்டிக்காகக் காத்திருந்தோம். டீச்சரை அழைத்துப் போக அவருடைய அண்ணனும் வந்திருந்தார். பெரிய டாக்டர் திடீரென்று கேட்டார்.

"அந்தப் பக்கத்து பெட் அம்மா வீடு எங்கன்னு தெரியுமா டீச்சர்? நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

"வேணாங்க ஐயா" என்றார் டீச்சர். கோபமே இல்லாமல் சொன்னார். "அந்த ஒரு வீட்டுல சொல்லிடலாம். அவங்க சொன்ன வீடெல்லாம் எதுன்னு யாருக்குத் தெரியும்?"

பெரிய டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்தார். வண்டி வந்து நின்ற பிறகும் எழுந்திருக்கவில்லை. நான்தான் தொட்டு எழுப்பினேன். அதற்குப் பிறகு அவர் எந்த நோயாளியின் கட்டிலருகிலும் நோயின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. எங்களை வெராந்தாவுக்குக் கூட்டிப்போய், வார்டுக் கதவைச் சாத்திவிட்டு, தணிந்த குரலில் சொல்வார். சத்தமாகப் பேசியே பழகிய மனுஷன். தணிந்து பேச அவருக்கு எவ்வளவு சிரமமாக இருந்தது என்று எனக்குத் தெரியும்.

பிள்ளைகளே, பரிசோதனையின் பதில் வந்தால் மருந்தை மாற்றிவிடலாம். போட்ட ஊசியைக்கூடச் சில சமயம் சமாளித்துவிடலாம். வார்டில் சொன்ன வார்த்தை டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போய்விடும். அது எந்த ஊரில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கடைசிவரை உங்களுக்குத் தெரியாது. ஒரு பெண் வாசலில் நுழைந்ததும் எந்த ஊர், கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டு, பதிலை வைத்து நீங்களே மனதுக்குள் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்கிறீர்களே, அதை விடுங்கள். கஞ்சி எங்கே போகிறது என்று கேளுங்கள். நேற்று எத்தனை வேளை, எதோடு எது என்று கேளுங்கள். பதில் பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். அதையும் மெதுவாகக் கேளுங்கள்.

யுத்தம் முடிந்து வருஷம் ஒன்றிரண்டு ஆகியிருக்கும். அம்மை ஊசி போட வளவனூர்ப் பக்கம் போனபோது, ஒரு பள்ளிக்கூடத்தில் கிருபை டீச்சரைப் பார்த்தேன். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. அதனால் வேலை கிடைத்திருந்தது. தூரத்தில் இருந்தே அடையாளம் கண்டு எழுந்து வந்தார். நேராக முகத்தைப் பார்த்தார். மேஜை மேல் பிள்ளைகளின் சிலேட்டுகளும் காகிதங்களும் கிடந்தன. காகிதங்களில் திருத்தமெல்லாம் நீல மசியில் இருந்தது.

"சிவப்பு மட்டும் திரும்பி வரலீங்க" என்றார். "பரவாயில்ல. தப்பு நீலத்துலயும் தப்புதான்."

பெரிய டாக்டரைப் பற்றி விசாரித்தார். நன்றாக இருக்கிறார், இப்போது வார்டில் சத்தமாகப் பேசுவதில்லை என்று சொன்னேன். டீச்சர் தலையை அசைத்தார்.

மத்தியான மணி அடித்தது. மற்ற டீச்சர்கள் நான்கு பேர் வந்து வட்டமாக உட்கார்ந்து டப்பாக்களைத் திறந்தார்கள். கிருபை டீச்சரும் அவர்கள் நடுவில் உட்கார்ந்து, ஒரு பித்தளைச் சொம்பைத் திறந்து, டம்ளரில் கூழ் ஊற்றினார். ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்போது என்னிடம் கேட்டு ஒரு அவுன்ஸ் கிளாஸ் வாங்கிப் போயிருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது.

"கிளாஸ் எங்க டீச்சர்?"

"அது உடைஞ்சி ரொம்ப நாளாச்சுங்க."

"சொல்லியிருந்தா வேற குடுத்து அனுப்பியிருப்பேனே."

"வேணாங்க டாக்டரம்மா" என்று டம்ளரை எடுத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படியாகவே சொன்னார். "இது மருந்து இல்லீங்க. எங்க சோறு."